தம்பி கையைத் துண்டுக்குள் மறைக்கிறான் என்று கேட்ட அக்காவுக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தம்பிக்கு 26 வயது. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டி வடிவமாக்கும் மெஷின்) ஓட்டிக்கொண்டிருந்தார். ஏழு மாதத்துக்கு முன் இரவு ஷிப்டில் வலது கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போய்விட்டன. புண் ஆறிவிட்டது, இனி வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தம்பி வீட்டை விட்டு இறங்குவதில்லை. குக்கர் விசில் அடித்தால் தூக்கிப் போடுகிறது. இரவில் தூக்கமில்லை. யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கையில் எப்போதும் ஒரு துண்டு சுற்றியிருக்கிறது. உங்கள் சித்தப்பா வந்து, "இப்படி அடிபட்டவங்கதான் பின்னால பெரிய ஆளா வந்திருக்காங்க" என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஒரு வாரம் தம்பி வாயே திறக்கவில்லை. அடிபட்ட பிறகு மனசு வளரும் என்பது உண்மையா, உண்மை என்றால் இவனுக்கு ஏன் நடக்கவில்லை, ஆவணியில் பெரியப்பா மகள் கல்யாணத்துக்காவது இவன் வருவானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கோவையில் கை அடிபட்டு வரும் தொழிலாளர்களோடு மனநல சமூகப் பணியாளராக 14 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிரஸ், லேத், நூற்பாலை, மரம் அறுக்கும் ரம்பம் என்று எல்லா இடத்திலிருந்தும் வந்த கைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சித்தப்பா சொன்ன வளர்ச்சி உண்மையில் உண்டு. ஆனால் அதை இப்போது தம்பியிடம் எதிர்பார்ப்பது, தையல் பிரிக்காத கையில் தண்ணீர்க் குடத்தைக் கொடுப்பது மாதிரி. அதற்கு முன்னால் நடக்க வேண்டிய சில காரியங்கள் நடக்காமல் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்க்கலாம்.

குக்கர் விசிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். காற்றில் இயங்கும் கிளட்ச் வைத்த பிரஸ்ஸில் ஒவ்வோர் அடிக்கும் காற்று 'புஸ்' என்று வெளியேறும். தம்பி ஓட்டியது அந்த மாதிரி மெஷினாக இருந்தால், விசில் வரும்போது அவர் உடம்புக்குக் கேட்பது உங்கள் வீட்டு அடுப்பின் சத்தமாக இருக்காது. சாதாரண நினைவுகளுக்கு மூளை ஒரு தேதி போட்டு வைக்கும்: அது அன்று, இது இன்று. உயிர் போகிற பயத்தில் பதிந்த நினைவில் பல பேருக்கு அந்தத் தேதி விழுவதில்லை. அதனால் சத்தம் கேட்டதும் சம்பவம் மறுபடி இப்போதே நடக்கிற மாதிரி உடம்பு பதறுகிறது. தூங்கினால் கனவில் வருமோ என்று தூக்கத்தைத் தள்ளிப்போடுவதும், வெளியே போனால் யாராவது கேட்பார்களோ என்று வீட்டுக்குள்ளேயே இருப்பதும் இதன் தொடர்ச்சிதான். சோம்பேறித்தனம், திமிர் என்றெல்லாம் யாராவது சொன்னால் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள்.

விபத்து நடந்த முதல் சில வாரங்களில் இப்படி இருப்பது இயல்பு. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறைந்துவிடும். ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்து, அன்றாட வாழ்க்கையை முடக்கிப் போட்டால், மருத்துவர்கள் அதற்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று பெயர் சொல்வார்கள். பி.டி.எஸ்.டி. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்கு மட்டும் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். பிரஸ் பட்டறையிலிருந்து திரும்பியவர்களுக்கும் வரும். தம்பிக்கு இருப்பது அதுதானா என்பதை நேரில் பார்க்கும் மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஏழு மாதம் ஆன பிறகு இன்னும் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

இதற்கு வைத்தியம் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிற வைத்தியம். அந்த இரவை ஒரு பயிற்சி பெற்றவரின் துணையோடு, பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிச் சொல்லி, விடுபட்ட தேதியை அந்த நினைவுக்குப் போட்டுக் கொடுப்பது ஒரு வழி. தவிர்த்துவந்த சத்தத்தையும் இடத்தையும் படிப்படியாக நெருங்கிப் பழகுவதும் அதில் சேரும். ஈ.எம்.டி.ஆர். என்று கண் அசைவை வைத்துச் செய்யும் முறை ஒன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்கள். மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். அப்புறம், தூக்கம் வரட்டும் என்று தம்பி குடிக்க ஆரம்பித்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பலர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அதைக் குணக்கேடு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. தூக்கத்தைத் தேடிப் போன வழி அது.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை தம்பி உங்களிடம் சொல்லாமலேகூட இருக்கலாம். போன விரல் வலிக்கிறதா என்று தனியாக இருக்கும்போது மெல்லக் கேட்டுப் பாருங்கள். இல்லாத விரல் அரிக்கும், எரியும், முறுக்கிக்கொண்டு கிடக்கிற மாதிரி இருக்கும். இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று பயந்து மாதக்கணக்கில் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இது கற்பனை வலி அல்ல. விரல் போனாலும் அந்த விரலுக்கான இடம் மூளையில் அப்படியே இருக்கிறது. இந்த வலியைப் புரிந்துகொள்ள உதவியவர்களில் முக்கியமானவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். 1990களில் அவர் கொண்டுவந்த முறை மிக எளிமையானது. ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, நல்ல கையை அதன் முன்னால் வைத்து, அடிபட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொள்ள வேண்டும். நல்ல கையை விரித்து மூடும்போது கண்ணாடியில் இன்னொரு முழுக்கையும் விரிந்து மூடுவதாகக் கண்ணுக்குத் தெரியும். முறுக்கிக் கிடந்த விரல் தளர்ந்துவிட்டது போல மூளை எடுத்துக்கொள்கிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். பலித்தவர்களின் முகத்தை மறக்க முடியாது. ஒரு லேத் தொழிலாளி கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். வலி குறைந்ததற்காகக்கூட இல்லை, "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையே" என்பதுதான் அவர் முதலில் கேட்டது.

இனி, நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கும் விஷயம். நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவனும் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பான், கம்பெனியிலும் கவனக்குறைவுன்னுதான் எழுதிட்டாங்க." தம்பியின் துண்டுக்குள் இருப்பது பாதி இந்த வார்த்தைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு பிரஸ்ஸில் கை எப்படிப் போகிறது என்று பாருங்கள். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் என்ற மேல்பாகம் இறங்க வேண்டும் என்று ஓர் அமைப்பு உண்டு. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாரும் உண்டு. உற்பத்திக் கணக்கு ஏற வேண்டும் என்று ஒரு பட்டனைக் கட்டிவிட்டுக் கால் பெடலில் ஓட்டச் சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. சென்சாரை அணைத்து வைக்கும் பட்டறைகளும் இருக்கின்றன. கிளட்ச் தேய்ந்த மெஷின் ஒரு முறை மிதித்ததற்கு இரண்டு முறை இறங்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை டை என்ற அச்சுக்குள் கையை விட்டு எடுக்கிற மனிதனுக்கு ஒரு நொடி கவனம் தப்பாது என்று நம்பி ஒரு வேலையை அமைத்தால், தப்பியது அவன் கவனம் மட்டும்தானா? தம்பியின் பட்டறையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "எப்படிப்பா கைய விட்ட?" என்று கேட்டிருப்பார்கள். "அந்த மெஷின் எப்படி இருந்தது?" என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

சட்டமே இந்த விஷயத்தில் நம்மைவிடக் கனிவாக இருக்கிறது. 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே, வெறும் கவனக்குறைவைக் காட்டி ஒரு தொழிலாளிக்கு இழப்பீட்டை மறுக்க முடியாது. குடித்திருந்தார், பாதுகாப்புக் கருவி என்று தெரிந்தே வேண்டுமென்று கழற்றினார் என்பது போன்ற சில காரணங்களுக்குத்தான் விலக்கு. நூறு ஆண்டுக்கு முன்னால் சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது, மெஷினோடு நாள் முழுக்க வேலை செய்யும் மனிதன் தவறுவான் என்று. இதை நான் பலருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேன். பணத்தைவிட அந்த ஒரு செய்தி சில பேருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது.

பணம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன் தலைக்கு மேல் நிற்கும்போது எந்தக் கவுன்சலிங்கும் ஏறாது. தம்பிக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகை மாதாமாதம், வாழ்நாள் முழுக்க வரும். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருத்துவ வாரியம் எத்தனை சதவீத இழப்பு என்று முடிவு செய்யும். ஒரு கையில் மூன்று விரல் போனால் சட்ட அட்டவணையில் 30 சதவீதம். கட்டைவிரல் ஒன்று போனாலும் 30தான். ஆள்காட்டி விரல் மட்டும் என்றால் 14. இந்த எண்ணைக் கேட்கும் நாளுக்குத் தம்பியைத் தயார்படுத்துங்கள். "நான் இப்ப எழுபது பர்சென்ட் ஆளா சார்?" என்று என்னிடம் ஒருவர் கேட்டார். அந்தக் கணக்கு சம்பாதிக்கும் திறனைப் பற்றியது, ஆளைப் பற்றியது இல்லை என்று வாரியத்துக்குப் போவதற்கு முன்பே வீட்டில் யாராவது சொல்ல வேண்டும். தூக்கம் கெட்டதும் சாப்பாட்டுக்குக் கூச்சப்படுவதும் அந்த அட்டவணையில் இல்லை.

சரி, இப்போது வளர்ச்சிக்கு வருகிறேன். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தில் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரண்டு உளவியல் பேராசிரியர்கள், பேரிழப்பைச் சந்தித்தவர்களிடம் பேசிப் பேசி ஒன்றைக் கவனித்தார்கள். சிலர் மீண்டு வருவதோடு நிற்காமல், முன்பைவிட வேறு ஆளாக மாறியிருந்தார்கள். அதை அளக்க 1996இல் 21 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். உறவுகளில் நெருக்கம், புதிய வழிகள் தென்படுவது, தனக்குள் இருக்கும் பலம் தெரியவருவது, ஆன்மிக மாற்றம், வாழ்க்கையின் அருமை புரிவது என்று ஐந்து பக்கங்களில் இந்த மாற்றம் தெரியும் என்றார்கள். உங்கள் சித்தப்பா சொன்னதற்குப் பின்னால் இருப்பது கிட்டத்தட்ட இதுதான். ஆனால் அவர்கள் அழுத்திச் சொன்ன இரண்டு விஷயங்கள் ஊர்ப்பேச்சில் விடுபட்டுப் போகின்றன. வளர்ச்சி விபத்திலிருந்து வருவதில்லை, விபத்துக்குப் பிறகு வாழ்க்கையோடு போராடும் போராட்டத்திலிருந்து வருகிறது. வளர்ச்சி வந்தால் வலி போய்விடும் என்பதும் இல்லை. இரண்டும் ஒரே மனிதனுக்குள் ஒரே நாளில் இருக்கும். காலையில் மகளுக்குத் தலை பின்னிவிட்டு மகிழ்ந்த மனிதர் அன்று இரவே கனவில் அலறி எழுவார்.

எல்லோருக்கும் இது நடக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழையபடி ஓரளவு தூங்கி, வேலை பார்த்து, சிரித்துப் பேச முடிந்தால் அதுவே முழு மீட்சி. 'பெரிய ஆளாக' வரவில்லை என்பதற்காக யாரும் தோற்றவர் ஆகிவிட மாட்டார். சித்தப்பாவின் வார்த்தையில் தம்பிக்குக் கேட்டது இன்னொரு தேர்வு என்று நினைக்கிறேன். கையும் போய், இப்போது சாதிக்க வேறு வேண்டுமா என்று.

நம் ஊரிலேயே பெரிய உதாரணங்கள் உண்டு. வேலூர் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸுக்கு 1954இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து, அந்தத் துறையையே வேலூரில் வளர்த்தார். அங்கே மறுவாழ்வு நிலையம் திறந்தது 1966இல். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரித் தேர்வில் உடற்திறன் சோதனையின்போது 1975இல் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சங்கம் 1981இல் பிறந்தது. இவர்களைப் பற்றிச் சொல்லும்போது நான் அந்த ஆண்டுகளைத்தான் பார்க்கச் சொல்வேன். ஒருவருக்கு 12 ஆண்டு, இன்னொருவருக்கு 6 ஆண்டு. நடுவில் தூக்கிவிட்ட ஆசிரியர்கள், மருத்துவர்கள், குடும்பம் எல்லாம் இருந்தார்கள். உங்கள் தம்பிக்கு ஏழு மாதம்தான் ஆகியிருக்கிறது. இந்தக் கதைகளை நீங்கள் படித்துத் தைரியம் அடையுங்கள். தம்பியிடம் இப்போது சொல்லாதீர்கள். ஒருநாள் அவரே தேடிப் படிப்பார்.

நான் பார்த்த வளர்ச்சி இதைவிட ரொம்பச் சின்னது, அதனால்தான் எனக்கு அதில் நம்பிக்கை. எங்கள் பிரிவுக்கு மறுபரிசோதனைக்கு வந்த ஒரு பிரஸ் ஆப்பரேட்டர், இரண்டு விரல் போனவர், முந்தின நாள் அடிபட்டுக் கிடந்த ஒரு பையனின் கட்டிலருகே போய் உட்கார்ந்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தன் கையைக் காட்டினார். எந்த விரல், எத்தனை தையல், பல் தேய்க்க எத்தனை நாள் ஆனது, சட்டைப் பொத்தானை எப்படிப் போடுகிறார் என்று காட்டினார். அந்தப் பையன் அதுவரை எங்கள் யாரிடமும் கேட்காத கேள்வியை அவரிடம் கேட்டான்: "அண்ணே, பொண்ணு குடுப்பாங்களா?" அதன்பிறகு அவர் மாதம் ஒரு முறை தானாகவே வர ஆரம்பித்தார். அவருடைய மனதில் 'ஏன் எனக்கு' என்று தானாகச் சுழன்றுகொண்டிருந்த கேள்வி, 'இதை வைத்து என்ன செய்யலாம்' என்று அவரே உட்கார்ந்து யோசிக்கிற கேள்வியாக மாறியிருந்தது. ஆய்வாளர்கள் சொல்வதும் இதைத்தான்: தானாக வந்து மோதும் நினைப்பு, வேண்டுமென்றே யோசிக்கும் நினைப்பாக மாறுகிற இடத்தில்தான் வளர்ச்சிக்கு வழி பிறக்கிறது. அந்த மாற்றத்துக்குத் தூக்கம் வேண்டும், பயம் கொஞ்சம் அடங்க வேண்டும், நடந்ததை நடந்தபடி சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்க முடியும்.

வீட்டில் என்ன செய்யலாம் என்றால், முதலில் சில பேச்சுகளை நிறுத்துங்கள். "கட்டைவிரலாவது தப்பிச்சுதே", "கால் இல்லாதவனே பொழைக்கிறான்" என்பவை கேட்பவருக்கு வாயை மூடு என்றுதான் கேட்கும். அம்மா அழட்டும், தம்பி முன்னாலும் அழலாம். ஆனால் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பது, சட்டை மாட்டிவிடுவது இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அம்மா விட வேண்டும். அவர் பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆகும், பார்த்துக்கொண்டிருப்பது கொடுமையாக இருக்கும், எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். துண்டைப் பிடுங்காதீர்கள். அது அவராக எடுக்க வேண்டியது. வடுவை எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்லியிருப்பார்கள். தம்பி அனுமதித்தால் நீங்கள் ஒரு நாள் நீவிவிடுங்கள், முகம் சுளிக்காமல். வீட்டில் ஒருவர் அந்தக் கையைச் சாதாரணமாகத் தொட்டால், அவரும் அதைப் பார்க்க ஆரம்பிப்பார்.

வேலையைப் பொறுத்தவரை, அதே பிரஸ்ஸுக்குத் திரும்பினால்தான் தைரியசாலி என்று யாரும் சொல்ல வேண்டாம். தரப் பரிசோதனை, ஸ்டோர், டூல் ரூம் என்று அவர் அனுபவம் பயன்படும் இடங்கள் இருக்கின்றன. திரும்பாமல் வேறு தொழிலுக்குப் போனாலும் சரி. ஆனால் முடிவைப் பயம் எடுக்கக் கூடாது, அவர் எடுக்க வேண்டும். அதனால் சிகிச்சை முதலில், முடிவு பிறகு.

எங்கே போவது என்று கேட்டால், மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் கேட்கலாம். தம்பி வர மறுத்தால் முதலில் நீங்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், தமிழில் பேசலாம், குடும்பத்தினரும் பேசலாம். அவர் எப்போதாவது "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால் பேச்சை மாற்றாமல், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை, அவரைத் தனியாக விட வேண்டாம், வீட்டில் பூச்சி மருந்து, மாத்திரை எதுவும் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டாம்.

கல்யாணத்துக்கு வருவாரா என்று கேட்டீர்கள். அவர் பயப்படுவது கல்யாணத்துக்கு இல்லை, பந்திக்கு. இடது கையில் சாப்பிட்டால் ஊர் பார்க்கும், வலது கையில் சாப்பிட்டால் கையைப் பார்க்கும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கிற கையால் சோறு பிசைந்து எடுக்க முடியும். உள்ளங்கையை வைத்துப் பிசைந்து, அந்த இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டி எடுக்க வேண்டும். கைப் பயிற்சி கொடுப்பவரிடம் இதையே பயிற்சியாகக் கேளுங்கள், பந்து அமுக்குவதைவிட இது பயன்படும். தயிர்சாதத்தில் ஆரம்பிக்கலாம், ஒட்டும், சிந்தாது. ரசம் சாதம் கடைசியில். முதல் சில நாள் அவர் தனியாகவே சாப்பிடட்டும். அப்புறம் ஒரு ராத்திரி, எதுவும் சொல்லாமல், உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஆவணிக்குள் இவ்வளவு நடந்தால் போதும். கல்யாணத்துக்கு வருவதும் வராததும் அவர் விருப்பம். வந்தால் பந்தியில் அவருடைய வலது பக்கத்து இலையில் நீங்கள் உட்காருங்கள்.